எரியாத அடுப்புக்குப் புகைச் சான்றிதழ்

பத்து மாதத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றுவிடலாம். வெள்ளவத்தையில் ஓர் அடுப்பைப் பற்றவைக்க அந்தக் காலம் போதாது. இந்த உண்மையை நமசிவாயம் தமது அறுபத்தெட்டாவது வயதில், மகளின் பிரசவத்துக்கும் ஓர் அடுப்பின் அனுமதிக்கும் ஒரே நேரத்தில் காத்திருந்தபோதுதான் கண்டுபிடித்தார். இரண்டில் பிள்ளைதான் முந்தியது. அடுப்பு கிட்டவும் வரவில்லை.

காஸ் சிலிண்டர் காணாமற்போன வருடம் அது. காலி வீதியில் ஆட்களுக்குப் பதிலாக வெற்றுச் சிலிண்டர்கள் சங்கிலி போட்டு வரிசையில் நின்றன. கரண்ட் நினைத்த நேரம் வந்து நினைத்த நேரம் போனது. இந்தச் சீர்கேட்டுக்கு நடுவில்தான் பம்பலப்பிட்டியில் இருந்த மகள் சாம்பவி, முதற் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதாக முடிவாகியிருந்தது. மருமகன் லவன் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் வேலை. நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்குச் சமையலில் தெரிந்தது கேத்திலின் பொத்தானை அமர்த்துவது மட்டுமே.

நமசிவாயத்தின் மனைவி பத்மாவதி ஒரு நாள் காலை வெற்றுச் சிலிண்டரைக் காலால் தட்டிப் பார்த்தாள். அது கோயில் மணி போல ஒலித்தது.

"இஞ்சருங்கோ, பிள்ளை பெத்தவளுக்கு முப்பத்தொரு நாளும் சரக்குக் கறி வைக்க வேணும். பால்சுறா, முருங்கையிலை, உள்ளி, மிளகு, எல்லாம் கொதிக்கக் கொதிக்க. ரைஸ் குக்கரிலை வைக்கிற சாமான் இல்லை அது. எனக்கு நெருப்பு வேணும்" என்றாள்.

"நெருப்புக்கு நான் எங்கை போறது?"

"அது உங்கடை பாடு. நான் உங்களைக் கட்டின நாள் தொட்டுக் கேட்ட ஒரே ஒரு சாமான் இதுதான்."

இது உண்மையல்ல. அவள் வேறு பலவும் கேட்டிருந்தாள். ஆனாலும் அந்த நேரத்தில் கணக்குப் பார்ப்பது புத்தியல்ல என்று நமசிவாயம் பேசாமல் இருந்துவிட்டார். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்தவருக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பது தெரியும்.

கொட்டாஞ்சேனையில் முர்ஷித் என்று ஒருவர், ஏசி குழாய் பொருத்துகிறவர், வேலை குறைந்ததால் பெலட் அடுப்புச் செய்து விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். பெலட் என்பது மரத்தூளை இறுக்கி, சுண்டுவிரல் நுனியளவு செய்த துண்டு. அடுப்பில் அதைப் போட்டு, அடியில் ஒரு சின்னக் காற்றாடியை ஓடவிட்டால் நீல நிறத்தில் எரிகிறது. காற்றாடி ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்கில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

அடுத்த சனிக்கிழமை முர்ஷித்தே வந்து பொருத்தினார். குசினியின் பின்பக்க ஜன்னலோரம் சீமெந்துப் பலகை ஒன்றைச் சுவரோடு நிறுத்தி, அதிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுப்பை வைத்து, புகைக்குழாயை ஜன்னலுக்கு மேலால் வெளியே எடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, நல்லாக் கேளுங்க. ஜன்னல் எப்பவும் தொறந்து இரிக்கணும். குழாய் வெளியில போகணும். நெருப்புல கண்ணுக்குத் தெரியாத ஒரு காத்து வரும், மணமும் இல்ல. மூடின ரூமுக்குள்ள அது நெறஞ்சா, தலை சுத்தும், நித்திரை வரும், பொறகு எழும்ப ஏலா. இந்தா இந்த வெள்ளை டப்பா அதுக்குத்தான், சத்தம் போட்டா எல்லாரும் வெளிய போங்க. பெலட் நனைய விட வாணாம். எரியிற அடுப்புல மண்ணெண்ணெய் ஊத்தவே வாணாம். நெருப்பு முழுக்க அணைஞ்ச பொறகுதான் காத்தாடிய நிப்பாட்டணும். சாம்பல ஆறவிட்டு மூடியிருக்கிற தகரத்துல போடுங்க, பொலித்தீன்ல போட்டா வீடு பத்தும். மாசத்துக்கு ஒருக்கா குழாய நான் வந்து தேச்சுத் தாறேன். அவ்வளவுதான்."

எல்லாமாக ஐந்து நிமிடம். நமசிவாயம் அதைத் தமது பழைய தபால் கந்தோர் எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அந்தக் கட்டடத்தில் அடுப்பு பற்றிச் சொல்லப்பட்ட கடைசிப் புத்தியான வார்த்தைகள் அவையாக இருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

முர்ஷித் அடுப்பை மூட்டித் தேத்தண்ணீர் வைத்துக் காட்டினார். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் கதவடியில் ஒரு கடிதம் வந்து விழுந்தது.

நமசிவாயம் குடியிருந்த ஏழு மாடிக் கட்டடத்தை ஒரு முகாமைத்துவக் கொமிட்டி ஆண்டுவந்தது. தலைவர் ஜெயகுமார், ஓய்வுபெற்ற பொறியியலாளர். எந்தத் திணைக்களம், என்ன பொறியியல் என்று அவரைக் கேட்டவர்கள் அன்றைக்கே பதில் பெற்று வீடு திரும்பியதாகத் தகவல் இல்லை. செயலாளர் பிறெடி, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, ஒரு வங்கியில் மற்றவர்களின் பிழைகளைத் தேடும் பகுதியில் வேலை பார்த்தவர். வங்கி அவரை ஓய்வில் அனுப்பியது. தேடும் பழக்கம் அவரோடு கூடவே வந்துவிட்டது.

கடிதத்தில் இருந்தது இரண்டே வசனம். அனுமதியற்ற அக்கினிச் சாதனத்தை உடனே அணைக்கவும். தவறினால் உபவிதி பத்தொன்பதின்படி தண்ணீர்க் குழாய் பூட்டப்படும்.

பச்சைக் குழந்தை வரப்போகும் வீட்டில் தண்ணீரைப் பூட்டுவதென்றால் சும்மாவா? நமசிவாயம் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

கீழ்மாடி மண்டபத்தில் கூட்டம் கூடியது. தலைவர் ஜெயகுமார் மைக்கைப் பிடித்தார். பதினொரு பேருக்கு மைக் எதற்கு என்று அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்பதில்லை.

"பதினொரு வருஷமா இந்தக் கட்டடத்திலை ஒரு தீவிபத்தும் நடக்கேல்லை" என்று தொடங்கினார் தலைவர். "எப்பிடி இது முடிஞ்சது? நாங்கள் ஒண்டும் செய்யாமல் இருந்தபடியால்தான். ஆராவது ஒருத்தர் ஏதாவது செய்ய வெளிக்கிட்டால், அங்கைதான் விபத்து தொடங்குது. மிஸ்டர் நமசிவாயத்திலை எனக்குத் தனிப்பட்ட கோவம் ஒண்டும் இல்லை. அவர் சமைக்கலாம். தாராளமாச் சமைக்கட்டும். நெருப்பு இல்லாமல் சமைக்கட்டும் எண்டுதான் சொல்லுறம்."

நமசிவாயம் எழும்பினார். "சேர், அடுத்த மாதத்துக்குப் பிறகு எந்த நேரமும் மகளுக்கு வயித்துக்குத்து வரும். அதுக்குமுன்னம் ஒரு முடிவு சொல்லுவியளோ?"

"கட்டாயம்" என்றார் தலைவர். "முடிவு சொல்லுறதுக்காக ஒரு உபகுழு போடுறம். உபகுழுவுக்கு நான் தலைவர். பிறெடி செயலாளர். பிரேரிக்கிறது நான். ஆமோதிக்கிறது பிறெடி."

பிறெடி ஆமோதித்து அதை எழுதியும் வைத்தார்.

அடுத்த கிழமை பதினான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. தமது உத்தியோக காலம் முழுவதும் அடுத்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த நமசிவாயம், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு படிவத்தின் முன்னால் பேனாவை மூடி வைத்தார். 'விண்ணப்பதாரருக்கு முன்னர் நெருப்புடன் தொடர்பு இருந்ததா? ஆம் எனில், காரணம் தருக' என்று ஒரு கேள்வி. 'பாவனையில் இல்லாத நேரங்களில் அடுப்பு எங்கே இருக்கும்? அதை அங்கிருந்து எழுப்புபவர் யார்?' என்று இன்னொன்று.

"முதலாவதுக்கு என்ன எழுத?" என்று மனைவியைக் கேட்டார்.

"எங்கடை கலியாணத்திலை அக்கினியைச் சுத்தி வந்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. காரணம் எண்டதுக்கு கலியாணம் பேசின மாமா பெயரைப் போடுங்கோ" என்றாள் பத்மாவதி.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில்தான் பூதம் இருந்தது. அனுமதி கிடைக்கும்வரை அடுப்பை எரிக்கக்கூடாது. அடுப்பு எரியும்போது புகைவதில்லை என்ற சான்றிதழ் கிடைக்கும்வரை அனுமதி இல்லை. சான்றிதழை உபகுழு நேரில் வந்து பார்த்துத் தரும். அதற்குரிய தீர்மானமும் தனியாக நிறைவேற்றப்பட்டிருந்தது.

உபகுழு நேரில் வந்தது. தலைவர் தலையில் மஞ்சள் தொப்பி. பிறெடியின் கையில் ஒரு பைல். அடுப்பு குளிர்ந்துபோய் நின்றது. தலைவர் குனிந்து புகைக்குழாய்க்குள் மூக்கை விட்டு ஆழமாக மூச்செடுத்தார்.

"எனக்கு ஒரு புகையும் தெரியேல்லை."

"சேர், பத்தவைக்கேல்லை" என்றார் நமசிவாயம்.

"தெரியும். அது அடுத்த கட்டம். முதல்லை எரியாத அடுப்பு புகையேல்லை எண்டதை உறுதிப்படுத்தினால்தான், பிறகு புகைஞ்சால் அது அடுப்பாலைதான் எண்டு சொல்லலாம். இது விஞ்ஞானம்."

பிறெடி எழுதினார்: 'புகை: இல்லை. நெருப்பு: இல்லை. முடிவு: ஒத்திவைக்கப்பட்டது.'

இரண்டு கிழமை கழித்து இரண்டாம் பரிசோதனை. இம்முறை தலைவரின் கண் வெளியே நீட்டியிருந்த புகைக்குழாயில் விழுந்தது.

"வெளிச்சுவர் ஆற்றை? எல்லாருக்கும் பொது. புகை ஆற்றை? உங்கடை சொந்தப் புகை. சொந்தச் சாமானைப் பொதுச் சுவரிலை விட ஏலாது, மிஸ்டர் நமசிவாயம். குழாயை உள்ளுக்குத் திருப்புங்கோ. அதோடை ஜன்னலையும் பூட்டுங்கோ, ஒரு சொட்டுப் புகை வெளியிலை போகக்கூடாது."

நமசிவாயம் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பேச வாயெடுப்பதற்குள் தலைவர் ஃபோனை எடுத்துத் திசை பார்க்கத் தொடங்கியிருந்தார். வடமேற்கு, மேற்கு என்று முணுமுணுத்தபடி குசினியை விட்டு வெளியே வந்து, நடைவழியால் போய், சாம்பவிக்காக ஒழுங்கு செய்திருந்த அறைக்குள் புகுந்து, கட்டிலின் தலைமாட்டில் நின்றார்.

"இதுதான் தென்கிழக்கு. அக்கினி மூலை. தொழில்நுட்ப ரீதியாவும் சாத்திர ரீதியாவும் அடுப்பு இருக்கவேண்டிய இடம் இதுதான்."

"அது பிள்ளைத்தாச்சி படுக்கிற இடம்" என்றாள் பத்மாவதி.

"பிள்ளைத்தாச்சி எங்கையும் படுக்கலாம். அக்கினிக்கு ஒரு மூலைதான் இருக்குது."

நமசிவாயம் முர்ஷித்துக்கு ஃபோன் எடுத்து, எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார். பூட்டிய அறை, உள்ளே திரும்பிய குழாய், கட்டில், தொட்டில் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"ஐயா, அப்பிடி வச்சா ஆள் மௌத்து" என்றார் முர்ஷித். "தாயும் போகும், பிள்ளையும் போகும். யார் இதச் சொன்ன?"

"உபகுழு" என்றார் நமசிவாயம்.

தலைவர் புன்னகைத்தார். "அது ஒரு தொழிலாளியின்ரை அபிப்பிராயம். அவருக்கு அடுப்புத்தான் தெரியும். எங்களுக்குப் பாதுகாப்புத் தெரியும்."

நமசிவாயத்துக்குக் கோபம் வந்தது. அபூர்வமாக வருவதால் அதை எப்படிக் கையாள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "நான் இதுக்குள்ளை அடுப்பு வைக்கமாட்டன், சேர். நீங்கள் அனுமதி தந்தாலும் வைக்கமாட்டன்."

பிறெடி எழுதினார்: 'விண்ணப்பதாரர் பாதுகாப்புக்கு ஒத்துழைக்க மறுத்தார்.'

மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தார். மேன்முறையீட்டுக் குழுவில் இருந்தவர்களும் ஜெயகுமாரும் பிறெடியும்தான். நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக இருவரும் கதிரையை மாற்றிக்கொண்டு அமர்ந்தார்கள்.

"உபகுழுத் தலைவரின்ரை முடிவைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேலாது" என்றார் ஜெயகுமார். "ஆனால் அவரை எனக்குக் கனகாலமாத் தெரியும். அவசரப்பட்டு ஒண்டும் செய்யிற ஆள் இல்லை."

இரண்டு மணி நேர யோசனைக்குப் பிறகு மேன்முறையீட்டுக் குழு ஒரு வழி கண்டது. கட்டடத்தில் தீப் பாதுகாப்பு தினம் ஒன்று கொண்டாடப்படும். அன்று மண்டபத்தில், எல்லோர் முன்னிலையிலும், முர்ஷித் ஓர் அடுப்பை எரித்துக் காட்டலாம். புகையாவிட்டால் மேடையிலேயே நமசிவாயத்துக்குச் சான்றிதழ். அடுப்பும் குசினியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். விழாக்குழு அமைக்கவும் அழைப்பிதழ் அச்சடிக்கவும் ஆறு கிழமை.

ஐந்தாவது கிழமையில் சாம்பவிக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

வைத்தியசாலையிலிருந்து தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து பத்மாவதி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். காலையில் லவன் கந்தோர்க் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஃபிளாஸ்க்கில் ஊற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்ப வேலைக்கு ஓடுவான். சரக்குக் கறி ரைஸ் குக்கரில் பாதி கொதிக்கும்போது கரண்ட் போகும். மூன்று மணி நேரம் கழித்து வரும்போது மீதி கொதிக்கும். அதற்குள் சுறா கரைந்து, உள்ளி பச்சையாகவே இருக்கும். சாம்பவி ஒரு வாய் வைப்பாள். பிறகு கோப்பையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள்.

"பசிக்கேல்லையம்மா" என்பாள்.

பசித்தது. பால் போதாமல் பிள்ளை அழுததைக் கேட்டாலே தெரியும். அந்த அழுகையைக் கேட்கும்போதெல்லாம் நமசிவாயம் குசினிக்குப் போய், எரியாத அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். தன் வீட்டில், தன் குசினியில், தன் பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாடு சூடாகக் கொடுக்க வக்கில்லாமற் போனதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சான்றிதழ் கிடைக்க இன்னும் ஒரு கிழமைதானே என்று அதையும் பொறுத்துக்கொண்டார்.

தீப் பாதுகாப்பு தினம் வந்தது. மண்டபத்தில் பெரிய துணிப் பனர்: 'தீயை வெல்வோம்'. அதற்கு நேர் முன்னால் ஆளுயரக் குத்துவிளக்கு. பக்கத்து மேசையில் நிறைகுடம். முர்ஷித் தமது அடுப்போடு ஓர் ஓரத்தில் வந்து நின்றார். அடுப்பைச் சுற்றி மூன்று அடிக்குக் கயிறு கட்டி, 'ஆபத்து' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

நமசிவாயம் முன்வரிசைக்குப் போனார். பிறெடி ஓடிவந்து மறித்தார்.

"அங்கிள், குறை நினையாதேங்கோ. உங்கடை வீட்டிலை பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு இன்னும் கழியேல்லை. துடக்கு. மங்கல விளக்குக்குக் கிட்ட வரேலாது. நான் வேதக்காரன், எனக்கு இதொண்டும் இல்லை. ஆனா மினிட்ஸிலை இருக்குது."

ஆகவே அன்றைய விழாவின் நாயகன் மண்டபத்தின் கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

விளக்கில் ஐந்து திரி. ஏற்ற வேண்டியவர்கள் ஒன்பது பேர். யார் யாரோடு சேர்ந்து ஒரு திரியைப் பகிர்வது என்பதில் தகராறு வந்தது. தலைவர் முதல் திரியை ஏற்றி, மெழுகுதிரியை அடுத்தவரிடம் கொடுக்காமல் கையில் வைத்தபடி, வரிசையை மாற்றி மாற்றி அறிவித்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுழன்றது. பனரின் கீழ் மூலை மெல்ல எழும்பி விளக்கைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. மூன்றாம் முறை அது தனியாக விலகவில்லை, நெருப்பையும் கூட்டிக்கொண்டு போனது.

"சேர், பனர் பத்துது" என்றார் நமசிவாயம், பின்னாலிருந்து.

தலைவர் வாயில் விரலை வைத்து அவரை அடக்கினார். "ஐந்தாவது திரி ஆருக்கெண்டு இன்னும் முடிவாகேல்லை."

"சேர், உங்களுக்குப் பின்னாலை பத்துது."

இம்முறை எல்லோரும் திரும்பினார்கள். 'தீயை' என்ற சொல் எரிந்து முடிந்து, 'வெல்வோம்' தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. தீயணைக்கும் சிலிண்டர் கண்ணாடி அலுமாரிக்குள், வாங்கிய நாளில் சுற்றிவந்த பொலித்தீன் கழற்றாமல் பளபளவென்று இருந்தது. அலுமாரிச் சாவி பிறெடியின் வீட்டில். வீடு ஆறாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யாது. பிறெடி கடமை தவறாதவர், படியால் ஏறத் தொடங்கினார். ஏறுமுன் சாவிப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்தார்.

முர்ஷித் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து பனரை இழுத்து நிலத்தில் போட்டார். நமசிவாயம் செருப்புகளையும் வரிசைகளையும் தாண்டி முன்னுக்குப் போனார். நிறைகுடத்தின் தேங்காயையும் மாவிலையையும் எடுத்துக் கவனமாக மேசையில் வைத்துவிட்டு, குடத்துத் தண்ணீரை நெருப்பின்மேல் கவிழ்த்தார். உஸ்ஸென்று அடங்கியது.

மண்டபம் முழுவதும் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது.

"துடக்கோடை நிறைகுடத்தைத் தொட்டது ஆர்?"

விசாரணைக் குழு போடப்பட்டது. அதில் இருந்தவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை. மூன்றே நாளில் அறிக்கை வந்தது. கொமிட்டியின் வரலாற்றில் அதுவே மிக விரைவான வேலை. தீவிபத்துக்குக் காரணம் அடுப்பு என்று அறிக்கை கண்டது. அடுப்பு எரியவில்லை என்பதைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் அடுப்பு இல்லாவிட்டால் விழா இல்லை, விழா இல்லாவிட்டால் விளக்கு இல்லை, விளக்கு இல்லாவிட்டால் நெருப்பு இல்லை. ஆகவே அடுப்பு நிரந்தரமாகத் தடைசெய்யப்படுகிறது. நிறைகுட விடயம் தனியாக ஆராயப்படும்.

நமசிவாயம் அறிக்கையை நடைவழியில் நின்று இரண்டு தரம் வாசித்தார். உள்ளே பிள்ளை அழுதது. அப்போது அவருடைய முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. எத்தனையோ வருடம் பிழையான விலாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, சடாரென்று சரியான வீதி பிடிபடும்போது தபாற்காரனுக்கு வருமே, அந்த மாற்றம்.

"பத்மா" என்று கூப்பிட்டார். "இவங்கள் எங்கடை தண்ணியைப் பூட்டுறதெண்டால் என்ன செய்யவேணும்?"

"வந்து பூட்டுவாங்கள்."

"பூட்டமாட்டாங்கள். அதுக்குக் கூட்டம் போடோணும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல். பிறகு உபகுழு. பிறகு நான் மேன்முறையீடு செய்வன். பிறகு பூட்டுச் சாவியை வைச்சிருக்கிறது ஆர் எண்டு ஒரு பிரேரணை. அனுமதி தர மூண்டு மாதம் இழுத்தவங்கள், தண்டனை தர ஒரு வருஷம் இழுக்கமாட்டாங்களோ? அதுக்குள்ளை பேத்தி நடந்து திரிவாள்."

பத்மாவதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இது உங்களுக்கு மூண்டு மாதத்துக்கு முன்னம் தெரியேல்லையோ?" என்று கேட்டாள். ஆனாலும் கேட்கும்போதே சுறாவைக் கழுவத் தொடங்கிவிட்டாள்.

நமசிவாயம் சுவரில் இருந்த தாளை ஒருமுறை வாசித்தார். ஜன்னலை அகலத் திறந்தார். குழாய் வெளியே போகிறதா என்று எட்டிப் பார்த்தார். வெள்ளை டப்பாவின் பொத்தானை அமர்த்தி அது கத்துகிறதா என்று சோதித்தார். காய்ந்த பெலட்டை அளவாகப் போட்டு மூட்டினார். காற்றாடி சுழன்றது. நீல நெருப்பு எழும்பியது. அரை மணித்தியாலத்தில் மிளகும் உள்ளியும் சுறாவும் சேர்ந்த மணம் வீட்டை நிறைத்து, கதவிடுக்கால் வெளியேறி, படிக்கட்டால் இறங்கியது.

சாம்பவி எழுந்து இருந்தாள். கோப்பையைக் கையில் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள். நெற்றி வியர்த்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, இன்னுங் கொஞ்சம்" என்றாள். பத்மாவதி அடுப்பின் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். அடுப்பு புகையவில்லை. அவள் மிளகின்மேல் பழியைப் போட்டாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மஞ்சள் தொப்பியோடு தலைவர் ஜெயகுமார். கையில் பைல்.

"உத்தியோகபூர்வமா வந்திருக்கிறன். தடைசெய்த சாதனம் எரியுதெண்டு எனக்குச் சந்தேகம்."

"புகை தெரியுதோ, சேர்?" என்று கேட்டார் நமசிவாயம்.

"புகை இல்லை." தலைவர் நேர்மையானவர். "மணம் வருது."

உள்ளே வந்தார். குசினி வாசலில் நின்று அடுப்பைப் பார்த்தார். பிறகு சட்டியைப் பார்த்தார். சட்டியிலேயே பார்வை நின்றுவிட்டது. அவருடைய மனைவி காஸ் இருக்கும் தங்கை வீட்டுக்கென்று இரத்மலானைக்குப் போய் மூன்று கிழமை. அன்றிலிருந்து மனிதர் மூன்று நேரமும் பாணும் ஜாமுமாகச் சீவித்து வருவது கட்டடம் முழுவதும் தெரிந்த கதை. தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது.

பத்மாவதிக்கு அது கண்ணில் பட்டது. ஆத்திரத்தையும் மீறி அவள் கை ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டது.

"துடக்கு வீடு. சாப்பிடுவியளோ தெரியாது" என்றாள்.

தலைவர் தொப்பியைக் கழற்றினார். "பரிசோதனைக்குத் துடக்கில்லை, தங்கச்சி" என்றார்.

இருந்தார். இரண்டு கோப்பை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவுமுன், மறந்துவிடக்கூடாது என்று பைலைத் திறந்து எழுதினார்: 'நேரில் சென்று பார்த்தேன். அடுப்பு எரியவில்லை.'

"சேர், எரியுதே" என்றார் நமசிவாயம், மனம் கேளாமல்.

"எரியுதெண்டு எழுதினால் கூட்டம் போடவேணும்" என்றார் தலைவர் களைப்போடு. "எரியேல்லை எண்டு எழுதினால் நாளைக்கும் வந்து பாத்தால் போதும்."

மறுநாள் பன்னிரண்டரைக்கு வந்தார். அதற்கு மறுநாள் பிறெடியும் கூட வந்தார், பைலோடு ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு. முர்ஷித் சொன்னபடியே ஒரு நாள் வந்து குழாயைத் தேய்த்துவிட்டு, அவரும் ஒரு பிடி சாப்பிட்டுவிட்டுப் போனார். பிள்ளை பால் குடித்துக் கொழுகொழுவென்று ஆனது. இரவில் அழுவதை விட்டது.

துடக்குக் கழிவுக்கு முதல்நாள் தலைவர் கை கழுவப் போனபோது பைல் மேசையில் திறந்தபடி கிடந்தது. நமசிவாயம் புரட்டிப் பார்த்தார். நாளுக்கொரு பக்கம். பக்கத்துக்கு ஒரே வரி: அடுப்பு எரியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே, கையெழுத்துக்குப் பக்கத்தில், சரக்குக் கறியின் மஞ்சளில் ஒரு பெருவிரல் அடையாளம்.

பத்மாவதியும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு உந்த மனிசனுக்குச் சாப்பிட ஒரு கரண்டி குடுக்கோணும்" என்றாள்.